பியூட்டி பார்லருக்கு பிஓஎஸ் மென்பொருள்: சேவை வருமானம் சரியாகத் தெரிய வேண்டுமானால் எதைப் பார்த்து வாங்குவது?

தீபாவளிக்கு முந்திய சனிக்கிழமை, இரவு பத்தரை மணி. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில், துன் சம்பந்தன் சாலையிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு பார்லர். கடைசி வாடிக்கையாளர் மருதாணிக் கையை ஆட்டிக்கொண்டே வெளியேறியதும், முதலாளி அக்கா காசு லாச்சியைத் திறந்து எண்ண உட்கார்ந்தார். ரொக்கம், கியூஆர், கார்டு எல்லாம் சேர்த்து 6,240 வெள்ளி. "தம்பி, இன்னைக்கு ஆறாயிரத்துக்கு மேல சம்பாதிச்சிட்டோம்" என்றார்.

அந்தப் பக்கத்தில் சில பார்லர்களுக்கும் சலூன்களுக்கும் கணக்கு எழுதிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. பில்களை வாங்கிப் பிரித்துப் பார்த்தேன். மூன்று பேர் புதிதாக ஃபேஷியல் பேக்கேஜ் வாங்கியிருந்தார்கள்: 2,400. ஒரு கல்யாணப் பெண் மேக்கப்புக்கு முன்பணம் கட்டியிருந்தாள்: 500. ஷாம்பூ, கிரீம் விற்றது 310. கியூஆரில் பில்லோடு சேர்ந்து வந்த டிப்ஸ் 30. இவற்றைக் கழித்தால் அன்று வேலை செய்து வாங்கிய காசு 3,000. அப்புறம், முன்பு விற்ற பேக்கேஜுகளில் ஒன்பது பேர் அன்று வந்து உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கு 80 என்றால் 720. அந்தப் பணம் அன்று கைக்கு வரவில்லை, ஆனால் வேலை அன்றுதான் நடந்தது. ஆக, அன்றைய சேவை வருமானம் 3,720 வெள்ளி.

6,240-க்கும் 3,720-க்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில்தான் பல பார்லர்கள் தடுமாறுகின்றன. தீபாவளி மாதத்தில் கையில் காசு புரளும், செலவும் தாராளமாகப் போகும். ஜனவரியில் நாற்காலி முழுக்க ஆள் இருக்கும், லாச்சி காலியாக இருக்கும். அந்த ஜனவரி வாடிக்கையாளர்களின் பணம் அக்டோபரிலேயே செலவாகிவிட்டது, அவ்வளவுதான்.

அதனால் பிஓஎஸ், அதாவது பில் போட்டுப் பணம் வாங்கிக் கணக்கு வைக்கும் மென்பொருள் தேடும்போது என் கேள்வி ஒன்றே ஒன்று. பணம் வந்த நாளையும் வேலை நடந்த நாளையும் தனித்தனியாகக் காட்டுமா, அந்த வேலை யார் கையால் நடந்தது என்றும் சொல்லுமா? கீழே வரும் படிகள் எல்லாம் இதைச் சோதித்துப் பார்ப்பதற்குத்தான்.

படி 1: விற்பனையாளரைக் கூப்பிடுவதற்கு முன் உங்கள் சேவைப் பட்டியலை எழுதுங்கள்

பெரும்பாலோர் முதலில் டெமோ பார்க்கிறார்கள். அந்த டெமோவில் எல்லாக் கடையும் அழகாகத்தான் ஓடும். முதலில் ஒரு தாளை எடுத்து, உங்கள் கடையில் நடக்கும் ஒவ்வொரு வேலையையும் விலையோடு எழுதுங்கள். திரெடிங்கில் புருவம் தனி, மேலுதடு தனி. வேக்ஸிங்கில் அரைக்கை, முழுக்கை. முடிக்குக் கலர் போடுவதில் நீளத்தைப் பொறுத்து மூன்று விலை. மணப்பெண் மேக்கப்பில் புடவை கட்டுவது சேர்த்தியா, தனியா?

இப்படி எழுதினால் ஒரு நடுத்தரப் பார்லருக்கு ஐம்பது, அறுபது வரிகள் வரும். அவற்றை ஏழெட்டுப் பிரிவாகக் கட்டுங்கள்: முடி, முகம், திரெடிங், வேக்ஸிங், நகம், மேக்கப், மருதாணி, பொருள் விற்பனை. மாத அறிக்கை இந்தப் பிரிவுகளின்படிதான் வரும் என்பதால் இதில் சோம்பல் வேண்டாம். 'மற்றவை' என்று ஒரு பொத்தான் மட்டும் வைக்காதீர்கள். வைத்தால் அவசரத்தில் எல்லாரும் அதையே அழுத்துவார்கள், மாதக் கடைசியில் உங்கள் கடையின் பெரிய சேவை 'மற்றவை' என்று அறிக்கை சொல்லும்.

படி 2: கடை வகையா, சலூன் வகையா?

சந்தையில் இருப்பவை இரண்டு குடும்பம். ஒன்று பொதுவான கடைக்கும் உணவகத்துக்கும் செய்தது. மலேசியாவில் பிறந்த ஸ்டோர்ஹப், இலவசமாகத் தொடங்கக்கூடிய லோய்வெர்ஸ் போன்றவை இந்தப் பக்கம். பொருள், இருப்பு, பில், ரசீது எல்லாம் இவற்றில் நன்றாக இருக்கும். இன்னொன்று முன்பதிவு நாட்குறிப்பிலிருந்து வளர்ந்த சலூன் வகை. ஃப்ரெஷா அப்படிப்பட்டது. யார் எந்த நேரத்தில் எந்த நாற்காலியில் என்பதிலிருந்துதான் இதில் பில்லே தொடங்கும்.

பேக்கேஜே விற்காத, ஓரிரு ஆள் உள்ள கடைக்கு முதல் வகை தாராளமாகப் போதும். பேக்கேஜ், முன்பணம், கமிஷன் மூன்றும் இருந்தால் சலூன் வகையை முதலில் பாருங்கள். யூடியூபில் அமெரிக்கக்காரர்கள் ஸ்குவேரைப் பற்றி ஆகா ஓகோ என்பார்கள். அது மலேசியாவில் சேவை தருவதில்லை, நேரத்தை வீணாக்க வேண்டாம்.

படி 3: பத்து பில் சோதனை

இந்த ஒரு படியை மட்டும் செய்துவிட்டு மற்றதை விட்டாலும் பாதிக் கிணறு தாண்டிவிடலாம். இலவச சோதனைக் கணக்கு வாங்குங்கள். விற்பனையாளரை உட்கார வைத்து, அவரைத் தொடவிடாமல், நீங்களே கீழ்க்கண்ட பத்து பில்களைப் போடுங்கள். அதற்கு முன் இதே பத்தின் விடையையும் ஒரு தாளில் கையால் கணக்குப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

1. புருவத் திரெடிங் மட்டும், 10 வெள்ளி, ரொக்கம்.
2. 180 வெள்ளிக்கு முடிக்குக் கலர். போட்டது ஒருவர், அலசி உலர்த்தியது இன்னொருவர்.
3. 38 வெள்ளி பில்லுக்கு 12 விழுக்காடு தள்ளுபடி. ஒரு முறை ரொக்கம், ஒரு முறை கியூஆர்.
4. பத்து தடவை ஃபேஷியல் பேக்கேஜ், 800 வெள்ளி, கார்டு.
5. அதே பேக்கேஜில் ஒரு தடவை, கூடவே ஒரு திரெடிங். விற்றவர் வேறு, செய்தவர் வேறு.
6. 1,500 வெள்ளி மணப்பெண் மேக்கப்புக்கு 500 முன்பணம். பிறகு கல்யாண நாளில் மீதி 1,000.
7. பாதி ரொக்கம், பாதி கியூஆர், 5 வெள்ளி டிப்ஸ் தனியாக.
8. ஹேர் ஸ்பாவும் 45 வெள்ளி ஷாம்பூ பாட்டிலும் ஒரே பில்லில்.
9. தப்பாகப் போட்ட பில்லை ஒரு மணி நேரம் கழித்து ரத்து செய்வது.
10. மூன்று தடவை வந்துவிட்டு, மீதிப் பேக்கேஜுக்குப் பணம் திருப்பிக் கேட்கும் வாடிக்கையாளர்.

போட்டு முடித்ததும் அன்றைய அறிக்கையைத் திறந்து உங்கள் தாளோடு ஒப்பிடுங்கள். எந்த எண் ஒத்துவரவில்லையோ, அந்த இடத்தில் "இது ஏன்?" என்று கேளுங்கள். நல்ல விற்பனையாளர் அமைப்பை மாற்றிக் காட்டுவார். "எங்கள் மற்ற கஸ்டமர் யாரும் இதைக் கேட்டதில்லை" என்று சொன்னால் டீயைக் குடித்துவிட்டு விடை கொடுத்து அனுப்புங்கள்.

படி 4: பேக்கேஜ் கணக்கு

நான்காம், ஐந்தாம், பத்தாம் பில்கள்தான் பெரும்பாலான மென்பொருள்களை மண்ணைக் கவ்வ வைக்கின்றன. அதனால் இங்கே கொஞ்சம் நின்று பேசுவோம்.

800 வெள்ளியை வாங்கிய அன்று நீங்கள் அந்த வாடிக்கையாளருக்குப் பத்து ஃபேஷியல் கடன்பட்டிருக்கிறீர்கள். அவர் ஒவ்வொரு தடவை வரும்போதும் 80 வெள்ளி உங்கள் வருமானமாகிறது, கடன் 80 குறைகிறது. மூன்று தடவை வந்தபின் வருமானம் 240, இன்னும் செய்து தர வேண்டியது 560. இந்த இரண்டு எண்ணையும் மென்பொருள் கேட்டவுடன் காட்ட வேண்டும். பொதுவான கடை வகை மென்பொருளில் என்ன நடக்கும்? 800 வெள்ளிக்கு ஒரு 'பொருள்' விற்றதாக முதல் நாளே பதிவாகும். அடுத்த பத்து தடவையும் பூஜ்யம் வெள்ளி பில். வேலை செய்த பெண்ணின் கணக்கில் அந்த மாதம் ஒன்றும் இருக்காது. மூன்றாம் மாதம் அவள் எதிர்த்த கடைக்குப் போய்விடுவாள்.

இலவசம் சேர்ந்தால் சிக்கல் கூடும். "பத்து வாங்கினால் இரண்டு இலவசம்" என்றால் 800 வெள்ளிக்குப் பன்னிரண்டு தடவை. ஒரு தடவைக்கு 66.67. பன்னிரண்டால் பெருக்கிப் பாருங்கள், 800.04 வருகிறது. அந்த 4 காசைக் கடைசித் தடவையில் மென்பொருள் தானாகச் சரிக்கட்ட வேண்டும். 4 காசு பெரிய விஷயமில்லைதான். ஆனால் பத்து தடவைக்குத் தலா 80 என்றும், இரண்டு தடவைக்குப் பூஜ்யம் என்றும் ஒரு மென்பொருள் பிரித்தால், அந்த இரண்டு தடவை மாட்டிய ஊழியருக்குக் கமிஷன் கிடையாது. இலவசத் தடவை என்றால் யாரும் கை நீட்ட மாட்டார்கள், வாடிக்கையாளர் சோபாவில் காத்துக்கொண்டிருப்பார்.

பணம் திருப்பித் தருவதற்கு ஒரு விதியை நீங்களே முதலில் முடிவு செய்யுங்கள். தனியாக வந்தால் ஒரு ஃபேஷியல் 100 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். மூன்று தடவை வந்தவருக்கு, பேக்கேஜ் விலையில் கழித்தால் 560 திருப்ப வேண்டும். தனி விலையில் கழித்தால் 500. எது உங்கள் வழக்கமோ அதை ரசீதிலேயே அச்சடியுங்கள். எத்தனை மாதத்துக்குள் பயன்படுத்த வேண்டும் என்பதையும் சேர்த்து. அம்மா வாங்கிய பேக்கேஜில் மகள் வந்து உட்காருவது நம் ஊரில் சகஜம். அதை அனுமதிப்பீர்கள் என்றால், ஒரே பேக்கேஜை இரண்டு பேர் பெயரில் இணைக்க முடிகிறதா என்றும் பாருங்கள்.

மணப்பெண் முன்பணமும் இதே சாதிதான். ஆகஸ்டில் வாங்கிய 500, கல்யாணம் நடக்கும் செப்டம்பரில்தான் வருமானமாக வேண்டும். கல்யாணத் தேதி தள்ளிப்போனால் முன்பணமும் கூடவே நகர வேண்டும், பில்லை அழித்துப் புதிதாகப் போடும்படி இருக்கக் கூடாது.

படி 5: யார் கை, எவ்வளவு பங்கு

இரண்டாம் பில்லுக்கு வாருங்கள். 180 வெள்ளி கலருக்கு 10 விழுக்காடு கமிஷன், அதாவது 18 வெள்ளி. கலர் போட்ட மூத்தவருக்கு 12, அலசிய புதுப் பெண்ணுக்கு 6 என்பது கடை வழக்கம். ஒரு சேவைக்கு ஓர் ஊழியர் பெயர்தான் போட முடியும் என்றால் 18 வெள்ளியும் மூத்தவருக்கே போய்விடும். 'கலர் போடுதல் 120', 'அலசி உலர்த்தல் 60' என்று இரண்டாக உடைத்தும் சமாளிக்கலாம். ஆனால் பட்டியல் இரட்டிப்பாகும், ரசீதைப் பார்க்கும் வாடிக்கையாளர் "அலசுறதுக்கா அறுபது?" என்று கேட்பார்.

தள்ளுபடி கொடுத்தால் கமிஷன் முழு விலைக்கா, குறைத்த விலைக்கா? பேக்கேஜ் விற்றவருக்குப் பங்கு உண்டா, செய்தவருக்கு மட்டுமா? இரண்டு பேருக்கும் கொடுக்கும் கடைகள் உண்டு. விற்றவருக்கு 5 விழுக்காடு என்றால் 40 வெள்ளி ஒரே தடவையில், செய்பவருக்கு 10 விழுக்காடு என்றால் தடவைக்கு 8 வெள்ளி. இந்த விதிகளை ஊழியர்களோடு பேசி, தாளில் எழுதி, அப்புறம் மென்பொருளில் ஏற்றுங்கள். ஊழியர்கள் தங்கள் கமிஷனை மட்டும் தங்கள் கைப்பேசியில் பார்க்கும் வசதி இருந்தால் மாதக் கடைசி வாய்த்தகராறு பாதியாகக் குறையும். நான் கண்ணால் கண்டது.

கமிஷன் அறிக்கை சம்பளக் கணக்குக்கும் நேரே போகிறது. இபிஎஃப் (ஊழியர் சேமநிதி), சொக்சோ (சமூகப் பாதுகாப்பு) இரண்டுக்கும் கமிஷன் சம்பளத்தில் சேர்த்தி. டிப்ஸ் இபிஎஃப் கணக்கில் வராது. ஏழாம் பில்லில் 5 வெள்ளி டிப்ஸைத் தனியாகப் பதியச் சொன்னது இதற்காகவும்தான். இன்னொன்று: 2025 ஆகஸ்ட் 1 முதல் எல்லா முதலாளிகளும் ஊழியருக்குத் தர வேண்டிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி. முழுக்கக் கமிஷனில் ஓடும் ஊழியருக்கும் மாதம் அந்தத் தொகை எட்ட வேண்டும். ஆடி மாதம் போன்ற மந்தத்தில் யாருக்கு எவ்வளவு குறைகிறது என்று முன்கூட்டியே தெரிந்தால் நல்லது.

படி 6: பத்து வெள்ளி திரெடிங்கைக் கடிகாரம் வைத்துச் சோதியுங்கள்

பெரிய பில் எதுவும் தொலைவதில்லை, தொலைவது சின்ன பில்தான். சனிக்கிழமை மதியம் வரிசையில் ஐந்து பேர், எல்லாருக்கும் புருவம். ஒருவருக்கு வேலை ஐந்தே நிமிடம். பில் போட வாடிக்கையாளர் பெயர், கைப்பேசி எண், பிரிவு, சேவை, ஊழியர், பணம் என்று ஆறு திரை தாண்ட வேண்டுமென்றால், வாயில் நூலைக் கடித்துக்கொண்டிருக்கும் பெண் அதைச் செய்யவே மாட்டாள். பத்து வெள்ளியை வாங்கி லாச்சியில் போட்டுவிட்டு அடுத்தவரை அழைப்பாள். திருட்டு நோக்கமே இருக்காது. ஆனால் அந்த வேலை உங்கள் கணக்கில் நடக்கவே இல்லை.

திரெடிங் பில்லைத் திறந்து மூடுவதற்கு எத்தனை தொடுதல் என்று எண்ணுங்கள். மூன்றுக்குள் முடிந்தால் அருமை. பெயர் கேட்காமல் 'நேரில் வந்தவர்' என்று போட முடிய வேண்டும். முன் திரையில் திரெடிங், மேலுதடு, முடிவெட்டு ஆகிய மூன்றும் பெரிய பொத்தானாக நிற்க வேண்டும்.

ஆங்கிலம் தடுமாறும் ஊழியர்கள் இருந்தால் சேவைப் பெயரைத் தமிழிலேயே தட்டச்சு செய்து பாருங்கள். திரையில் 'புருவம்' என்று அழகாக வரும், ஆனால் ரசீதில் வரிசையாகக் கேள்விக்குறிகள் வந்து விழலாம். சில பிரிண்டர்களுக்குத் தமிழ் எழுத்துரு தெரியாது. வாங்கும் முன் அதே பிரிண்டரில் ஒரு ரசீது அடித்துக் காட்டச் சொல்லுங்கள். தமிழ் வராது என்றால் ரசீதுக்கு ஒரு பெயர், திரைக்குப் படம் என்று ஏற்பாடு செய்யலாம். பொத்தானில் புருவப் படம் இருந்தால் மொழியே தேவையில்லை.

ஒன்பதாம் பில்லும் இந்த இடத்தில்தான் வருகிறது. ரத்து செய்த பில் தடயமே இல்லாமல் மறையக் கூடாது. யார், எப்போது, என்ன காரணம் என்று பதிவு நிற்க வேண்டும், ரத்து செய்யும் அதிகாரம் முதலாளியின் கடவு எண்ணில் இருக்க வேண்டும்.

படி 7: லாச்சி, கியூஆர், வங்கி ஒத்துப்போகிறதா?

மூன்றாம் பில்லில் 38 வெள்ளிக்கு 12 விழுக்காடு கழித்தால் 33.44. ரொக்கமாக வாங்கினால் 33.45, கியூஆரில் 33.44. ஒரு காசு நாணயம் விடைபெற்று, 2008 ஏப்ரல் 1 முதல் ரொக்க பில்லின் மொத்தத்தை 5 காசுக்குச் சரிக்கட்டுவது மத்திய வங்கியான பேங்க் நெகாரா வகுத்த முறை. மென்பொருள் எல்லா வகைப் பணத்துக்கும் சரிக்கட்டினால் உங்கள் கியூஆர் கணக்கு வங்கியோடு ஒருநாளும் ஒத்துப்போகாது.

டூயிட்நவ் கியூஆரைக் கடையின் வங்கிக் கணக்கில் எடுங்கள். முதலாளியின் சொந்தக் கணக்குக்குப் போகும் கியூஆரை மேசையில் ஒட்டி வைத்திருக்கும் கடைகளை நிறையப் பார்த்துவிட்டேன். மாதக் கடைசியில் மாமியார் அனுப்பிய 50 வெள்ளியும் ஃபேஷியல் 50 வெள்ளியும் ஒரே பட்டியலில் நிற்கும், எது எது என்று உட்கார்ந்து யோசிக்க வேண்டும். பில் தொகையோடு திரையில் வரும் கியூஆர் என்றால் தொகையைத் தப்பாகத் தட்டும் பிரச்சினையும் இல்லை, பழைய ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டிவிட்டு நழுவும் பிரச்சினையும் இல்லை.

கார்டில் வாங்கிய 200 வெள்ளி, கட்டணம் கழிந்து கொஞ்சம் குறைவாக ஓரிரு நாள் தள்ளி வங்கிக்கு வரும். வருமானம் 200 என்றே நிற்கட்டும், கட்டணத்தைச் செலவில் எழுதுங்கள்.

படி 8: அரசாங்கக் காகிதங்கள்

சேவை வரி: 2025 ஜூலை 1-இல் விற்பனை, சேவை வரியை விரிவாக்கியபோது அழகுச் சேவைகளும் பட்டியலில் இருந்தன. நடைமுறைக்கு வரச் சில நாள் இருக்கையில் ஃபேஷியல், நகப் பராமரிப்பு, முடித்திருத்தம் ஆகியவற்றுக்கு வரி இல்லை என்று நிதியமைச்சு அறிவித்தது. மசாஜ், உடல்நல நிலையங்கள் விஷயம் வேறு, அவை முன்பிருந்தே பட்டியலில் உள்ளவை. உங்கள் பார்லரில் மசாஜ் அறையும் உண்டு என்றால் வரி முகவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். மென்பொருளில் பார்க்க வேண்டியது, ஒவ்வொரு சேவைக்கும் தனித்தனியாக வரியைப் போடவும் எடுக்கவும் முடிகிறதா என்பது.

இ-இன்வாய்ஸ் (வரி வாரியத்துக்கு மின்னணு முறையில் அனுப்பும் பில்): ஆண்டு விற்பனை ஒரு மில்லியன் வெள்ளிக்கு மேல் 5 மில்லியன் வரை உள்ளவர்களுக்கு 2026 ஜனவரி 1-இல் தொடங்கியது. ஒரு மில்லியனுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு விலக்கு உண்டு என்று 2025 டிசம்பரில் அரசாங்கம் அறிவித்தது. பெரும்பாலான ஒற்றைக் கடைப் பார்லர்கள் இந்த வரம்புக்குள் அடங்கிவிடும். மூன்று கிளை வைத்திருப்பவர்கள் கூட்டிப் பார்க்க வேண்டும். வரம்பைத் தாண்டினால், தனி இன்வாய்ஸ் கேட்காத வாடிக்கையாளர்களின் பில்களை மாதம் ஒருமுறை தொகுத்து, மாதம் முடிந்த 7 நாளுக்குள் வருமான வரி வாரியத்தின் மைஇன்வாய்ஸ் தளத்துக்கு அனுப்பலாம். மென்பொருள் இதை நேராக அனுப்புமா, அதற்குத் தனிக் கட்டணமா என்று கேளுங்கள்.

வாடிக்கையாளர் விவரம்: தோல் ஒவ்வாமை, கர்ப்பம் போன்ற குறிப்புகளை எழுதி வைப்பீர்கள். அவசியமும்கூட. ஆனால் 2010-ஆம் ஆண்டின் தனிப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டத்தில் உடல்நலத் தகவல் கூடுதல் கவனத்துக்குரிய வகை. தெளிவான சம்மதம் வாங்க வேண்டும், அறிவிப்பு மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும். பகுதிநேர ஊழியர் எல்லாருக்கும் முழு வாடிக்கையாளர் பட்டியலும் திறந்து கிடக்கக் கூடாது. வேலையை விட்டுப் போகிறவர் கைப்பேசி எண்களையும் அள்ளிக்கொண்டு போன கதை எந்தத் தெருவில் இல்லை?

படி 9: அறிக்கையில் தீபாவளி எங்கே நிற்கிறது?

மென்பொருள் விளம்பரங்களில் 'சென்ற ஆண்டு இதே மாதம்' என்று வண்ணப் படம் போடுவார்கள். நம் பார்லர்களுக்கு அது உதவாது. தீபாவளி 2024-இல் அக்டோபர் 31, 2025-இல் அக்டோபர் 20, 2026-இல் நவம்பர் 8. அக்டோபரை அக்டோபரோடு ஒப்பிட்டால் 2026-இல் வியாபாரம் படுத்துவிட்டது போலத் தெரியும். படுக்கவில்லை, கூட்டத்தில் ஒரு பகுதி நவம்பருக்கு நகர்ந்திருக்கிறது.

நான் செய்வது தீபாவளிக்கு முந்திய 21 நாளை எடுப்பது. 2025-க்கு செப்டம்பர் 29 முதல் அக்டோபர் 19 வரை, 2026-க்கு அக்டோபர் 18 முதல் நவம்பர் 7 வரை. இப்படி நம் இஷ்டத்துக்கு இரண்டு தேதிக்கிடையே சேவை வருமானத்தை எடுத்து ஒப்பிட முடிகிறதா என்று சோதனைக் கணக்கிலேயே பாருங்கள். தை, ஆவணி முகூர்த்தங்களுக்கும், ஆடி மந்தத்துக்கும் இதே வழிதான்.

தினம் பார்க்க வேண்டிய அறிக்கை மூன்று போதும்: பிரிவுவாரியாக அன்றைய சேவை வருமானம், ஊழியர்வாரியாக வேலை, நிலுவையில் உள்ள பேக்கேஜ் கடன். மற்ற இருபது அறிக்கைகளும் விற்பனையாளருக்குக் காட்டிக்கொள்ள.

படி 10: விலை, ஒப்பந்தம், வெளியேறும் வழி

மாதக் கட்டணத்தை மட்டும் பார்க்காதீர்கள். டேப்லெட், பிரிண்டர், காசு லாச்சி, பொருத்தும் கூலி, வாட்ஸ்அப் நினைவூட்டலுக்குத் தனிக் காசு, ஊழியர் எண்ணிக்கை கூடினால் கூடும் கட்டணம் எல்லாவற்றையும் 36 மாதத்துக்குப் போட்டுக் கூட்டுங்கள். 'இலவசம்' என்பவை எங்கே காசு எடுக்கின்றன என்பதும் இந்தக் கூட்டலில் தெரிந்துவிடும். சிறுதொழில் இலக்கவியல் மானியத்தில் பாதிச் செலவு, 5,000 வெள்ளி வரை தரும் திட்டம் ஒன்று இருந்து வருகிறது. நீங்கள் வாங்கும் நேரத்தில் திறந்திருக்கிறதா என்று பிஎஸ்என் வங்கியில் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

இணையம் போனால் பில் போட முடியுமா என்பதை வாய்ப்பேச்சில் நம்பாதீர்கள். வைஃபையை அணைத்துவிட்டு ஒரு திரெடிங் பில்லும் ஒரு பேக்கேஜ் பில்லும் போட்டுப் பாருங்கள். முதலாவது போகும், இரண்டாவது பல இடங்களில் நின்றுவிடும்.

வெளியேறும் வழியைப் பற்றி எனக்குச் சூடு பட்ட அனுபவம் உண்டு. நான் கணக்குப் பார்க்கும் ஒரு கடை வேறு மென்பொருளுக்கு மாறியது. பழைய நிறுவனம் வாடிக்கையாளர் பெயர், எண்ணை எக்செல் கோப்பாகக் கொடுத்தது. பேக்கேஜில் யாருக்கு எத்தனை தடவை மீதி என்பதை மட்டும் பக்கம் பக்கமாகப் பிடிஎஃப்பில் கொடுத்தது. நானும் கடைப் பெண் ஒருத்தியும் இரண்டு இரவு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்துத் தட்டினோம். அதிலும் ஒருவருக்கு 7 என்பதை 1 என்று அடித்துவிட்டோம். அந்த அம்மா ரசீதோடு வந்து நின்றபோது மன்னிப்புக் கேட்டு, கூட ஒரு தடவை சேர்த்துக் கொடுத்தோம். ஆகவே கையெழுத்துக்கு முன்பே கேளுங்கள்: பேக்கேஜ் மீதியும் முன்பணமும் எக்செல் கோப்பாக எப்போது வேண்டுமானாலும் நானே இறக்கிக்கொள்ள முடியுமா? "எங்களிடம் கேட்டால் தருவோம்" என்பது பதில் ஆகாது.

படி 11: மாறும் நாள்

தீபாவளிக்கு முந்திய மாதத்தில் மாற நினைக்காதீர்கள். ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடு வரை ஆடி. கல்யாணக் கூட்டம் இல்லை, நாற்காலி காலியாக இருக்கும், ஊழியர்களுக்குக் கற்றுக்கொள்ள நேரம் இருக்கும். ஆடியில் தொடங்கினால் ஆவணி முகூர்த்தத்துக்குள் கை பழகிவிடும்.

மாறுவதற்கு முந்தைய இரவு, நிலுவையில் உள்ள எல்லாப் பேக்கேஜையும் எண்ணி, பெயர்வாரியாக ஏற்றுங்கள். இந்தத் தொடக்கக் கடன் தப்பானால் மேலே கட்டும் எல்லாமே தப்பு. முதல் இரண்டு வாரம் நோட்டிலும் மென்பொருளிலும் சேர்த்தே எழுதுங்கள். ஊழியர்கள் முணுமுணுப்பார்கள், பரவாயில்லை. ஒவ்வோர் இரவும் இரண்டையும் ஒப்பிட்டு, வித்தியாசம் எந்த பில்லில் என்று அன்றே கண்டுபிடியுங்கள். ஐந்து நாள் தொடர்ந்து ஒத்துவந்தால் நோட்டை மூடலாம்.

மூடிய நோட்டையும், அதற்கு முந்தைய 555 குறிப்புப் புத்தகங்களையும் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். வருமான வரிக்காகக் கணக்குப் பதிவுகளை 7 ஆண்டு வைத்திருக்க வேண்டும். ஆண்டைப் பெரிதாக அட்டையில் எழுதி, கட்டி, கரப்பான் ஏறாத அலமாரியில் மேல் தட்டில் வையுங்கள். வேக்ஸ் டப்பாக்களுக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாம். ஒரு கடையில் 2021 முழுவதும் ஒட்டிக்கொண்டுவிட்டது.